சடையனுக்கு நான் பிடித்த கயிறு

1

அன்றைக்குப் பாறையின் உச்சியில் இருந்தவர்கள் துரையும் நானும். நடுப்பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தவன் சடையன். அடியில் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் எங்கள் குண்டூர் நாட்டு ஊர்க்கவுண்டர் (கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு), அவருடைய தம்பிமார், சடையனின் கூட்டாளிகள், வேடிக்கை என்றால் சோற்றை மறக்கிற எங்கள் ஊர்ச் சனத்தில் பாதி, கூடவே என் ஆத்தா.

இல்லாதவர்கள் இரண்டு பேர். என் அய்யன் மிளகு மூட்டையோடு புளியஞ்சோலை வழியாகத் துறையூர்ச் சந்தைக்கு இறங்கியிருந்தார். என் தங்கை பாவாயி சாமைக் காட்டில் கிளி விரட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாறையில் நடந்த காரியத்தால் யாருடைய வாழ்க்கை ஏலத்துக்கு வந்ததோ, அவள் மட்டும் அதைப் பார்க்கவே இல்லை.

நான் இப்போது மலாய் நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி. ஆள் கணக்கும் பால் கணக்கும் எழுதுகிறவனை இங்கே கிராணி என்பார்கள். வந்து இன்னும் இரண்டு வருஷம் நிறையவில்லை. இந்த ஊரைப் பற்றி எழுது, அங்கே உள்ளவர்கள் படிக்க ஆசைப்படுவார்கள் என்று நம் ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டபோதெல்லாம் எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் ஒரு பாறையில் ஒரு கயிற்றைப் பிடிக்கும்படி ஆயிற்று. மறுநாள் திங்கட்கிழமை அதற்குப் பலன் கிடைத்தது. அதற்கப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மலையேறுவது மனத்தை உயர்த்துகிற வித்தை என்று துரைமார் எழுதுகிறார்கள். நம்முடைய படித்தவர்களும் அதைத் தமிழில் பெயர்த்துப் போடுகிறார்கள். படிக்கும்போது எனக்குக் குமட்டுகிறது. ஏறினவன் உயர்ந்தானோ என்னமோ, பிடித்தவன் கதையை யாரும் எழுதுவதில்லை.

2

முதலில் எங்கள் மலை வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்ன பிறகும் அப்படித்தான் தெரியும், ஆனால் ஒழுங்கு முறையுள்ள பைத்தியக்காரத்தனம் என்று விளங்கும்.

கொல்லிமலையில் மலைத்தேனீ பாறையின் வயிற்றில் அடை கட்டும். அதை எடுக்க மேலேயிருந்து கொடிக்கயிற்றில் இறங்க வேண்டும். உச்சியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்கிறவன், இறங்குகிறவனின் பெண்டாட்டிக்கு உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வகையறாவில் சட்டம். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. காட்டில் தன் பங்கு கூடுமே என்று கையைத் தளர்த்திவிடுவானாம். மச்சான் தளர்த்த மாட்டான். தளர்த்தினால் தாலியறுக்கிறவள் அவன் கூடப்பிறந்தவள்.

சரி, கல்யாணமாகாதவன், அல்லது பெண்டாட்டி இல்லாமல் போனவன், இறங்கினால்? அவனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருக்கிறவன் பிடிப்பான். ஊர் பார்க்கப் பிடித்தாயிற்று என்றால் பெண் நிச்சயம் ஆயிற்று. வெற்றிலை பாக்கு, பரிசப் பணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் பக்கம் பல பெண்களுக்குத் தங்கள் மாப்பிள்ளை யாரென்று தெரிவது, அண்ணன்காரன் கையில் கயிற்றோடு வீடு திரும்புகிறபோதுதான்.

இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் எப்படிப் பிடித்தாய் என்று கேட்பீர்கள். அதற்குத் துரையிடம் வரவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேந்தமங்கலத்தில் ஒரு குடியானவர் வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு எட்டாவது வரைக்கும் படித்தேன். மேலே படித்து வாத்தியாராவது என்று எண்ணம். அந்த விடுமுறையில் திருச்சினாப்பள்ளியிலிருந்து ஒரு துரை வந்து சேர்ந்தார். ஏதோ கம்பெனியில் உத்தியோகம். இமயமலைக்குப் போகிற ஒரு கூட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் பாறையில் பழகியிருக்க வேண்டுமாம். தனியாக ஏற முடியாது, கயிற்றுக்குக் கூட்டாள் வேண்டும். மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாகச் சடையன் ஒட்டிக்கொண்டான். இங்கிலீஷைத் தமிழாக்க என்னைப் பிடித்தார்கள். பிறகு எங்கள் இரண்டு பேரையுமே கயிற்றில் கட்டி வித்தை பழக்குவது என்று துரை தீர்மானித்தார்.

அவருடைய கூடாரத்துக்குள் போனால் ஈரக் கம்பளி நாற்றம். கெட்டுப்போன பாலைக் கட்டியாக வெட்டித் தின்பார், விரலையும் நக்குவார். ஆணியடித்த பூட்ஸை மாட்டிக்கொண்டு எங்கள் பாறையெல்லாம் கீறல் போட்டார். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வித்தை நல்ல வித்தை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இடுப்பில் கட்ட ஒரு முடிச்சு கற்றுக்கொடுத்தார். இழுத்தால் இறுகி நெரிக்காது, தானாக அவிழ்ந்தும் போகாது. கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால், மூச்சு வாங்கும்போதும் போட வரவேண்டும் என்று விரல் தோல் உரியும் மட்டும் போட வைத்தார். கை இரண்டு, கால் இரண்டு. இந்த நாலில் மூன்று எப்போதும் பாறையிலேயே இருக்க வேண்டும், ஒன்றுதான் நகரலாம். பயந்தவன் பாறையைக் கட்டிப்பிடிப்பான். கட்டிப்பிடித்தால் வயிறு முட்டும், கால் பிதுங்கி வெளியே வரும். ஆகையால் நிமிர்ந்து நிற்க வேண்டும். எடை காலுக்கு, கை சும்மா துணைக்கு. எந்தக் கல்லையும் நம்புவதற்கு முன்னால் தட்டி அதன் சத்தத்தைக் கேட்க வேண்டும். பெயர்ந்து விழுந்தால் கீழே இருக்கிறவனுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிகப் பலத்தை மிச்சம் வைத்திருக்க வேண்டும். இருட்டுமுன் இறங்க முடியாது என்று தோன்றினால் உச்சி எட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

கடைசிப் பாடம் கயிறு பிடிப்பது. பிடிக்கிறவன் முதலில் தன்னை ஒரு மரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஏறுகிறவன் ஏற ஏறத் தொய்வு விழாமல் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்துத் தூக்கக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது.

"அவன் உனக்கு யார் என்பதை மறந்துவிடு. சிநேகிதனானாலும் விரோதியானாலும் கயிற்றில் இருக்கிற வரைக்கும் அவன் உன் பொறுப்பு" என்றார் துரை.

அதை நான் தமிழில் சடையனுக்குச் சொன்னேன். சடையன் வெற்றிலைச் சாற்றைப் பக்கவாட்டில் துப்பினான். "அப்படியா சொல்றாரு? நல்ல மனுசன்" என்று சிரித்தான்.

இந்தச் சடையனுக்கு நாற்பது வயது இருக்கும். சமவெளிக் கண்டிராக்டர்களுக்கு மலையாட்களைப் பிடித்துக் கொடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவன். கட்டினவள் ஒரு நாள் பின்வாசல் வழியாகத் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. பாவாயியை இரண்டு தரம் கேட்டு ஆள் விட்டிருந்தான். இரண்டு தரமும் அய்யன், "பொண்ணுக்கு இன்னும் காலம் இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

3

துரை முதலில் ஏறினார். பிறகு அவர் மேலிருந்து கயிறு பிடிக்க நான் ஏறினேன். பயமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கால் சொன்னபடி கேட்டது. உச்சியில் ஓர் இச்சி மரம். என்னை அதோடு கட்டினார். மூன்றாவதாகச் சடையன் ஏற வேண்டும். துரை உட்காரப் போனார்.

அப்போது கீழேயிருந்து சடையன் கத்தினான். "தம்பி, நீயே புடி. தொரை கையி வேண்டாம், வேர்வையில வழுக்கும்."

அதை நான் துரையிடம் சொன்னேன். துரைக்கு மகிழ்ச்சி. "மாணவனை மாணவன் பிடிப்பது நல்லதுதான்" என்று எழுந்து இடம் விட்டார். கயிற்றைப் பிடிக்கும்படி இங்கிலீஷில் சொன்னார், இங்கிலீஷிலேயே நானும் சரி என்று உட்கார்ந்தேன். அது மணிலாவிலிருந்து வந்த வெள்ளைக் கயிறு, எங்கள் கொடிக்கயிறு இல்லை. அங்கே அடையும் இல்லை, தேனும் இல்லை. என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் முதுகைச் சுற்றி எப்படி, இடது கை எங்கே, வலது கை எங்கே என்பதுதான். கீழே நிற்கிற கூட்டத்தின் கண்ணுக்கு அது பாடமாகத் தெரியாது என்ற யோசனை வர நேரமில்லை.

சடையன் பாதிவரை குரங்கு மாதிரி வந்தான். பிறகு பாறை செங்குத்தாகிற இடத்தில் பயந்துபோய் அதைக் கட்டிப்பிடித்தான். துரை சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. கால் பிதுங்கியது, விழுந்தான்.

கயிறு என் முதுகில் சூடு போட்டுக்கொண்டு ஓடிற்று. உள்ளங்கைத் தோல் உரிந்தது. இச்சி மரம் முனகிற்று. நான் விடவில்லை. விடுவதா வேண்டாமா என்று நினைக்கவே இல்லை, கை தானாக இறுகிற்று. அவன் தரையிலிருந்து நாலைந்து ஆள் உயரத்தில் தொங்கிச் சுழன்றான்.

"சபாஷ்!" என்று துரை கை தட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அது.

சடையன் மறுபடி பாறையைத் தொட்டு, என் கயிற்றிலேயே பாதி தொங்கி வந்து உச்சியில் கால் வைத்தான். வேர்வையும் வெற்றிலையும் மண்ணுமாக என்னைக் கட்டிக்கொண்டான். கன்னத்தில் அவன் எச்சில் பட்டது.

"மச்சான்!" என்றான், கீழே கேட்கும்படி.

கீழே பெண்கள் குலவையிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். என் ஆத்தா மட்டும் குலவையிடவில்லை. தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டேன்.

4

அன்று மாலையே துரையின் கூடாரத்துக்குப் போனேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன். இது என் கட்டளை, பாடத்துக்காகப் பிடித்தான், இதில் சம்பந்தம் எதுவும் இல்லை என்று ஊர்க்கவுண்டரிடம் சொல்லச் சொன்னேன்.

துரை முழுக்கக் கேட்டார். புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "எவ்வளவு அழகான வழக்கம்!" என்றார். காகிதம் எடுத்து எழுதிக்கொண்டார். மச்சான் என்ற சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்டார். பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார்.

"துரையவர்களே, என் தங்கைக்கு அந்த ஆளைப் பிடிக்காது."

"சுதேசிகளின் வழக்கத்தில் நாங்கள் தலையிடுவதில்லை, தம்பி. அது தப்பு" என்றார் மிகுந்த பரிவோடு.

மறுநாள் விடிந்ததும் மூட்டை கட்டினார். கிளம்புகிறதற்கு முன்னால் எல்லாரையும் நிறுத்திப் படம் பிடித்தார். பிறகு, என் கையில் தோலை உரித்த அந்தக் கயிற்றையே சுருட்டி, கல்யாணப் பரிசு என்று சொல்லிச் சடையன் தோளில் மாட்டிவிட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நல்லெண்ணத்தை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது. வேட்டைக்கு வருகிற துரையாவது ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டுவிட்டுப் போய்விடுவார்.

அய்யன் சந்தையிலிருந்து வந்தார். வழியிலேயே செய்தி எட்டியிருந்தது. தோள் துண்டை உதறி மாட்டினார், என்னைப் பார்த்தார்.

"இத்தனை வருசம் படிக்க வெச்சேன். கவுத்தை எப்படிப் புடிக்கறதுன்னு படிச்சுக்கிட்ட. யாருக்குப் புடிக்கறதுன்னு அந்தப் புஸ்தகத்துல இல்லையா, சாமி?"

பாவாயி அடுப்படியில் இருந்தாள். அவள் என்னிடம் பேசவே இல்லை என்று எழுதினால் உருக்கமாக இருக்கும். பேசினாள். "நீ புடிச்ச ஆளு. நீயே கட்டிக்க. நான் வேணும்னா உன்ற கல்யாணத்துக்குக் களி கிண்டறேன்" என்றாள். பிறகு என் உள்ளங்கையைப் பிடித்து இழுத்து விளக்கெண்ணெய் பூசினாள், வலிக்கும்படி அழுத்தித்தான் பூசினாள்.

நாட்டுக்கூட்டம் கூடியது. சடையன் புது வேட்டியும், தோளில் வெள்ளைக் கயிறுமாக வந்து உட்கார்ந்தான்.

"ஏஞ்சாமி, கவுறு புடிச்சது நீதான?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"நாந்தானுங்க. ஆனா அது தொரை கவுறுங்க. பாடத்துக்குப் புடிச்சதுங்க."

"தொரை கவுறுன்னா, அறுந்து உழுந்தாச் சாவ மாட்டானா?"

"சாவானுங்க."

"அப்ப உட்டிருக்கலாமில்ல?"

"அதெப்படிங்க உடறது? மனுசனாச்சுங்களே."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். உட மனசு வரலை. உட மனசு வராதவன் மச்சான். இதுக்கு மேல அத்தாட்சி எதுக்கு?"

கூட்டம் தலையாட்டியது. துரை நாட்டில் எவன் கயிற்றையும் எவனும் பிடிப்பான், அப்பன் கயிற்றை மகன் பிடிப்பான், முன்பின் தெரியாதவன்கூடப் பிடிப்பான் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அவனுகளுக்கு ஏது மொறை?" என்று ஒரு குரல் வந்தது, அதோடு என் படிப்பு முடிந்தது. ஒன்று பெண்ணைக் கொடுக்க வேண்டும், இல்லை கயிறறுப்புப் பணம் எண்பது ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். எண்பது ரூபாயை எங்கள் வீட்டில் யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்லை. அய்யன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் "சரிங்க" என்று சொல்லத் தயாராவது எனக்குத் தெரிந்தது.

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து பாவாயி எழுந்தாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு கண்ணு."

"எங்கண்ணன் கவுத்துல ஒரு வெள்ளாடு தொங்கியிருந்தாலும் உட்டிருக்க மாட்டானுங்க. அப்ப என்னைய வெள்ளாட்டுக்குக் கட்டி வெப்பீங்களா? வெச்சாலும் தேவலைங்க. அது வெத்தலை போட்டுத் துப்பாது."

 ஊர்க்கவுண்டரின் தம்பி ஒருவருக்குத் தாங்கவில்லை. அவர் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் ஆடு மாதிரிக் கத்தினான். சடையன் வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திண்டாடினான்.

"சரி, பொண்ணு வேண்டாங்குது. பணத்தைக் கட்டிருங்க" என்றார் ஊர்க்கவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டார். "சடையன் மானம் போச்சு. அதுக்கு ஒரு பதினஞ்சு சேத்துக் கட்டிருங்க."

சிரித்தவர்கள் அவர்கள், பணம் கட்டுகிறவர்கள் நாங்கள்.

5

அய்யன் உழவு எருதுகளை விற்றார். மீதிக்கு மிளகுக்கொடியைப் பிணை வைத்தார். அதை மீட்கத்தான் நான் கப்பலேறினேன். வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போகவேண்டிய பையன் நாகப்பட்டினத்தில் கூலிகளோடு வரிசையில் நின்றேன். பினாயில் தண்ணீரை ஊற்றி என்னைக் கழுவினார்கள். ஒரு குமாஸ்தா மைப்பெட்டியை நீட்டினான்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்றேன்.

"எல்லாம் தெரியும்பா உனக்கு. கட்டைவிரலை நீட்டு" என்றான். என் கையைப் பிடித்துத் தானே உருட்டிவிட்டான். தொத்து நோய் இருக்குமோ என்று பினாங்குக்கு எதிரே ஒரு தீவில் எங்களை அடைத்து வைத்திருந்த நாட்கள் முழுவதும் அந்தக் கறை போகவில்லை.

எட்டாவது படித்தவன் என்று தெரிந்ததும் இங்கே என்னை ஆபீசில் உட்கார வைத்தார்கள். பொழுது விடியுமுன் தகரம் தட்டுவார்கள். ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிற பெரட்டு. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நான் எழுத வேண்டும். பிறகு பால் வருகிற நேரம். ரப்பர் பால் வெள்ளையாக இருக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் கொட்டாங்கச்சியில் ஒட்டிக் காய்ந்ததைச் சுரண்டி மூட்டை கட்டுவார்களே, ஒட்டுப்பால், அதன் நாற்றத்தைச் சொல்லி விளக்க முடியாது. சோற்றில் அடிக்கும், தலையணையில் அடிக்கும். "ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று நான் சொன்னால் ஆபீசில் சிரிப்பார்கள். ஒரு மாதம் முயன்று "வீட்டுக்குப் போய் வருகிறேன்" என்று பழகினேன். அதற்கு அதைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள், பாதிரியார் பிரசங்கம் மாதிரி இருக்கிறதாம்.

எனக்கு மேலே இருக்கிறவர் பெரிய கிராணி. நம்மவர்தான். பருத்த ஆள். அவர் பிள்ளைகள் சத்து, துவா, தீகா என்று மலாயில்தான் எண்ணுகின்றன. "என்ன படிக்கிறே?" என்று தமிழில் கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கின்றன. பெரியவன் ஒரு நாள் என்னைக் காட்டி, இந்தக் கூலிக்காரர் ஏன் கால்சட்டை போட்டிருக்கிறார் என்று அம்மாவைக் கேட்டான், அதுவும் மலாயில். அந்த அளவுக்கு மலாய் எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. பெரிய கிராணி பெருமையாகச் சிரித்தார்.

மூன்று மாதத்துக்கு முன் அய்யனிடமிருந்து காகிதம் வந்தது, பேளுக்குறிச்சிக் கடைக்காரர் எழுதினது. மிளகுக்கொடி மீண்டுவிட்டது. பாவாயிக்குக் குண்டனி நாட்டில் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் அப்படியே. பெயர் மாரப்பன். பையன் வீட்டார் முறை பார்க்கிறவர்கள், தை மாதம் தேனுக்கு இறங்கும்போது பெண்ணுக்கு அண்ணன் வந்து கயிறு பிடிக்கட்டும் என்கிறார்கள். ஏற்கெனவே ஒரு கயிறு அறுத்த வீடு என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்களாம். அண்ணன் வர முடியாவிட்டால் ஈடாக நாற்பது ரூபாய் வைத்தால்தான் கல்யாணம். அடியில் பாவாயி சொல்லச் சொல்லக் கடைக்காரர் எழுதின இரண்டு வரி: "அண்ணா, நீ வந்து புடி. இந்த ஆளு கனமில்லை."

அதைப் படித்து நான் தனியாகச் சிரித்தேன். பணத்துக்காக இல்லை, எனக்குப் போகவேண்டும் என்று இருந்தது. ஒரு தடவையாவது பிடிக்க வேண்டியவனுக்குப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. லீவுக்கு மனு எழுதினேன். மனு பெரிய கிராணி கையெழுத்தோடு தோட்டத்து உதவி மானேஜரான சின்னத் துரைக்குப் போகவேண்டும், அங்கிருந்து பெரிய துரைக்கு. பெரிய கிராணி வாங்கி மேசை இழுப்பில் போட்டார். "பாக்கலாம்" என்றார். ஒவ்வொரு வாரமும் கேட்டேன். ஒவ்வொரு வாரமும் பார்க்கலாம்.

6

தோட்டத்து எல்லையில் ஒரு சுண்ணாம்புக் குன்று இருக்கிறது. சின்னத் துரைக்கு மலையேறும் பைத்தியம். ஆபீஸ்காரர்களுக்குத் தைரியம் வர வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப் போய்ப் பழக்குகிறார். அதே முடிச்சு. அதே நாலில் மூன்று. அதே, பாறையைக் கட்டிப்பிடிக்காதே. எங்கே போனாலும் இந்தப் பாடத்திலிருந்து எனக்கு விடுதலையில்லை. குன்றின் குகையிலிருந்து வௌவால் எச்ச நாற்றம் பாறை நெடுக வழிகிறது, கை வைக்கிற இடமெல்லாம் அது.

போன ஞாயிறு, பதவி உயர்வு நினைப்பில், பெரிய கிராணியும் கால்சட்டையை இறுக்கிக்கொண்டு வந்தார். "நீதான் மலைக்காரனாச்சே, மேலே போய்ப் பிடி" என்று சின்னத் துரை என்னை ஏவினார். ஏறி, ஒரு வேரோடு என்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெரிய கிராணி இரண்டு ஆள் உயரம் ஏறுவதற்குள் அம்மா என்றார். அப்புறம் பாறையைக் கட்டிக்கொண்டார். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், கயிற்றைத் தயாராக இறுக்கினேன். நடந்தது. புகைக்கொட்டகையில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டு மாதிரி அவர் மடிந்து தொங்கினார். பழைய தழும்பு மேலேயே கயிறு ஓடிற்று. கீழே கூரான சுண்ணாம்புக் கல். விட்டிருந்தால் மண்டை மிஞ்சியிருக்காது. மெல்ல இறக்கிவிட்டேன். அவர் முகம் வெளுத்து, அரைமணி நேரம் லெமனேடு குடித்தார். என்னைப் பார்த்து "தேங்க்யூ" என்றார். குலவை இல்லை, மச்சான் இல்லை. இது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நான்கூட நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை என் மனு என் மேசைமேல் கிடந்தது. சின்னத் துரையின் மேசைக்கு அது போகவே இல்லை. குறுக்கே சிவப்பு மையில் பெரிய கிராணியின் கையெழுத்து, இரண்டு வருஷம் நிறையவில்லை, தங்கை கல்யாணம் அவசரக் காரணம் அல்ல என்று.

எழுந்து போய் நின்றேன். "கல்யாணத்துக்கு இல்லீங்க. நான் கயிறு பிடிக்கணுங்க" என்றேன். பதற்றத்தில் பழைய பேச்சு வந்துவிட்டது.

"கயிறு பிடிக்கவா? அதுக்கு ஒரு கிராணி கப்பல் ஏறிப் போகணுமா? நாலணா குடுத்து ஒரு ஆளைப் பிடிக்கச் சொல்லேன்யா."

"எங்க வழக்கத்துல பெண்ணோட அண்ணன்தானுங்க பிடிக்கணும்."

"அப்படியா சங்கதி? நேத்து என்னைப் பிடிச்சியே, நான் என்ன உன் தங்கச்சி புருஷனா?" என்றார். ஆபீஸ் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். ஒரு நாள் முன்னால் காற்றில் அம்மா என்று தொங்கின அதே உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

நான் என் இடத்துக்கு வந்து பால் கணக்கு எழுதினேன்.

எங்கள் மலையில் ஒருவன் உயிரைப் பிடித்தால் வீட்டுப் பெண்ணைக் கேட்கிறார்கள். இங்கே ஒருவன் உயிரைப் பிடித்தால் மறுநாள் முகத்தைக்கூட நினைவு வைத்துக்கொள்வதில்லை. எது அதிக அசிங்கம் என்று இந்த வாரம் முழுக்க யோசித்துப் பார்த்தேன். முந்தியதில் வாயடிக்க ஒரு பாவாயியாவது இருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் தபாலாபீசுக்கு நடந்தேன். மணியார்டர் பாரத்தில் அய்யன் பெயரை எழுதி, செய்தி எழுதுகிற இடத்தில், "மாரப்பன் வீட்டாருக்கு வைக்கவும். அண்ணன் வர முடியவில்லை" என்று எழுதினேன். ரசீது வாங்கிக்கொண்டேன்.

ஆகவே, கயிறு பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்ட செலவு இது. விழுந்த ஒருவனை விடாமல் பிடித்ததற்கு எண்பது ரூபாய். என் தங்கை கேட்ட நியாயத்துக்கு ஊர் சிரித்ததற்குப் பதினைந்து. அவள் ஆசைப்பட்டவனுக்குப் பிடிக்க நான் போய்ச் சேராததற்கு நாற்பது. எங்கள் வீட்டுக்கு ஆன மொத்தம் நூற்று முப்பத்தைந்து ரூபாய்.